இடது கை மடிப்பு

ஐரோப்பாவுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப்போக, மகள் இரண்டு சொகுசு ஹோட்டல்களைப் பார்த்து வைத்திருந்தாள். அப்பா முப்பது வருடம் ஹோட்டலில் படுக்கை விரித்தவர். செல்போனில் ஆறு, பால்கனி படங்களைத் தள்ளிவிட்டு, கட்டிலின் மூலைகளையே பார்த்தார்.

முதல் ஹோட்டலுக்கு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரிப்பின் மடிப்பு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

“இது என் மடிப்பும்மா! எனக்கு இடது கைப் பழக்கம்ல? சூப்பர்வைசர் எவ்வளவு திட்டியும் மாறாத மடிப்பு.”

“நீங்க ஊரைத் தாண்டுனதே இல்லையேப்பா.”

“கைவேலை தாண்டியிருக்கும்,” என்று மீசையை நீவிக்கொண்டார். ஆனால் படத்தில் விரிப்பின் நாலாவது மூலை மட்டும் மடிக்காமல் தொங்கியது. “பாதியில விடுற ஆள் இல்லையே நான்,” என்று முனகிக்கொண்டே மதியத் தூக்கத்துக்குப் போனார்.

மாலையில் அறை பதிவுசெய்ய மகள் அதே படத்தைத் திறந்தாள். இப்போது நாலு மூலைகளும் கச்சிதமாக மடிந்திருந்தன.

“பாத்தியா!” அப்பாவுக்கு நெஞ்சு விம்மியது. “இதையே போடு.”

டீ டம்ளரை நீட்டிய அம்மா, அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணில் ஒரு வெள்ளை நூல் சிக்கியிருந்தது.

“நம்ம வீட்டுல வெள்ளை விரிப்பே கிடையாதேங்க?” என்றாள்.