எதிராளிக்கு ஒரு கதவு

"ரூட்டருக்கு வைத்தியம் பார்க்க ஆள் வந்தாச்சு. மனுஷனைப் பார்க்கத்தான் இந்த வீட்டுல ஆள் இல்ல."

மனைவி சொன்னது நெட்காரருக்கும் நன்றாகவே கேட்டது. அவர் காதில் விழாதவர் போல மேஜைக்கடியில் குனிந்து வயரைப் பார்த்தார்.

கணவன் டிவி முன்னால் வீடியோ கேம் கண்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க சார். ஆட்டம் வரலையா?"

"வருதுங்க. ஊர் பேர் தெரியாதவங்களோட எல்லாம் ஆட முடியுது. ஒரே ஒரு ஆளோட மட்டும் சேர மாட்டேங்குது."

"அப்ப கோளாறு அந்த ஆள் பக்கம். அவரோட ரூட்டரைச் சரி பண்ணச் சொல்லுங்க."

"அவர் அங்கே ஒண்ணையும் தொட முடியாது. பெரிய இடத்து நெட்."

"பெரிய இடத்துச் சகவாசம் வேறயா?" மனைவி துவைத்த துண்டுகளை மடித்துப் பையில் திணித்தாள். "இருந்த கன்சோலை யாருக்கோ தூக்கிக் கொடுத்தாச்சு. இப்ப ஆபீஸ் நண்பர்கிட்ட இன்னொண்ணு இரவல். அதுல ஆடறதுக்கு ஒரு நாள் லீவு!"

"அந்த ஆளோட ஒரு பழைய கணக்கு இருக்கு. இன்னிக்குத் தீர்த்தே ஆகணும்" என்றான் கணவன், நெட்காரரைப் பார்த்து.

நெட்காரர் டிவியைக் காட்டினார்.

"இதோ பாருங்க, 'மாடரேட்'னு காட்டுது. உங்க கதவு பாதிதான் திறந்திருக்கு. அந்தப் பக்கம் பூட்டியிருந்தா, இந்தப் பக்கம் அகலத் திறக்கணும். பாதியும் பூட்டும் சேராது."

"நேத்தே திறந்தேனே! போர்ட் நம்பர் ஒவ்வொண்ணையும் சரி பார்த்துத்தான் போட்டேன்."

நெட்காரர் ரூட்டரின் செட்டிங்ஸைத் தன் போனில் திறந்தார். கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போனார். பிறகு சிரித்துவிட்டார்.

"திறந்திருக்கீங்க சார். ஆனா கன்சோலுக்கு இல்ல. நடுவுல ரூட்டரை அணைச்சுப் போட்டீங்களா?"

"ஆமா."

"அங்கேதான் வினை. அது எழுந்ததும் போன், டிவி, கன்சோல்னு ஆளாளுக்குப் புது அட்ரஸ் நம்பர் கொடுத்துடுச்சு. கன்சோலோட பழைய நம்பர் இப்ப அம்மாவோட போன்கிட்ட இருக்கு. நீங்க திறந்த கதவு அவங்களுக்குத்தான் திறந்து கிடக்கு."

"பரவாயில்லையே" என்றாள் மனைவி. "இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு கதவாவது திறந்ததே!"

நெட்காரர் கன்சோலுக்கு ஒரு நம்பரைக் கொடுத்து, அதை மாறாதபடி பதிந்தார்.

"இனிமே எத்தனை தடவை அணைச்சாலும் இந்த இடம் கன்சோலுக்குத்தான். வேற யாரும் துண்டு போட முடியாது."

போர்ட்டுகளையும் அந்த நம்பருக்கே திருப்பினார். ரூட்டர் அணைந்து எழுந்தது. சிவப்பு. மஞ்சள். பச்சை.

டிவியில் 'ஓபன்' என்று வந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" கணவன் நெட்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். என் தம்பி இந்த ஒரு வாரமா யாரையும் உள்ளே விடாத அறையில சுவரைப் பார்த்துப் படுத்திருக்கான். பேச்சும் இல்ல, சாப்பாடும் இல்ல. நீங்களும் வந்து கண்ணாடிக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்னா குறைஞ்சு போயிடுவீங்களா?"

"நாளைக்கு வரேன். இப்ப எதிராளி காத்துக்கிட்டிருப்பான்."

"ஆடுங்க. அந்த ஆள்கிட்ட நீங்க மண்ணைக் கவ்வணும். அப்பத்தான் என் மனசு ஆறும்!"

கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துண்டுப் பையை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்குத் தட்டு காலி" என்றாள் சிரித்தபடி. "டாக்டர்கிட்ட நடையா நடந்து அனுமதி வாங்கினாரே உங்க வீட்டுக்காரர், அதுக்குப் பலன் கிடைச்சுடுச்சு."

"அனுமதியா? எதுக்கு?"

"நீங்களே போய்ப் பாருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண் எதிரே சுவரில் இருந்த டிவியை விட்டு நகரவில்லை. டிவிக்குக் கீழே ஒரு கன்சோல். மூலையில் இருந்த கீறலைப் பார்த்ததுமே தெரிந்தது. அவள் வீட்டிலிருந்து போன அதே பழைய பெட்டி.

கண்ணாடியைத் தட்டினாள். வெளியே இருந்த ரிசீவரை எடுத்தாள். ஒரு வாரமாக அந்தப் பக்க ரிசீவரைத் தொடாதவன், இன்று அதை எடுத்துக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"என்னடா இதெல்லாம்?"

"நேத்து நீ போனப்புறம்தான் இதை வெச்சாங்க. இந்த ஆஸ்பத்திரி நெட்டுல ராத்திரி பூரா மாமா கிடைக்கவே இல்லக்கா. இன்னிக்குத்தான் சிக்கினார்!"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா, ரெண்டு பேரும்."

"சரியா வருமான்னே தெரியல, அக்காவுக்கு ஆசை காட்ட வேண்டாம்னு மாமாதான் சொன்னார். எல்லாரும் உடம்பு எப்படி, உடம்பு எப்படின்னுதான் கேக்கறீங்க. இவர் ஒருத்தர்தான் 'வாடா, உன்னை ஒரு கை பார்க்கறேன்'னு கூப்பிட்டார். இரு... இருக்கா, இரு..."

கண்ட்ரோலர் அவன் தலைக்கு மேலே போனது. ரிசீவர் மடியில் விழுந்தது. அவன் போட்ட சத்தம் கண்ணாடியைத் தாண்டியே கேட்டது.

"ஏழாவது கோல்! அக்கா, மாமா மண்ணைக் கவ்விட்டார்!"