தட்டாத கை

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. சின்னக் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு டவுன் பஸ் போய்த் திரும்புகிற நேரம்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர், தூக்கிய கை தூக்கியபடியே நின்றார்.

இரட்டை விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது.

முன்பக்கம், பெண்கள் சீட்டில், ஜன்னலோரம் அவர் மகள் மைனாவதி. வயசு முப்பத்திரண்டு. மனசு இன்னும் ஐந்தைத் தாண்டவில்லை.

எப்போதும் அவர் பின்வாசலில் இறங்குவார். முன்னால் நடந்து வந்து, அவள் ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் அவள் எழுந்திருப்பாள். அவர் பழக்கியது அப்படி.

இன்று தட்டவில்லை.

தூக்கிய கையை டாட்டா என்று நினைத்துக்கொண்டாள் அவள். சிரித்துக்கொண்டே அவளும் கையாட்டினாள். மடியில் அவருடைய ஆஸ்பத்திரி கவர்.

அவர் தை மாசம் தாண்டுவது கஷ்டம் என்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்குப் பிறகு அவளுக்கு யார்? அவருடைய தங்கை கையை விரித்துவிட்டாள். விடுதியிலும் இடமில்லை என்றார்கள். இப்படியே போய் யாராவது நல்லவர்கள் கண்ணில் அவள் படட்டுமே என்று ஒரு நினைப்பு.

ஒரே ஒரு நினைப்பு.

அது பஸ்ஸும் சைக்கிளும் நடக்கிற ஜனமும் மட்டும் போகிற கடைவீதி. கூட்டத்துக்கு நடுவே பஸ் ஊர்ந்துதான் போனது. நாலு எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம்.

வைக்கவில்லை.

பஸ் முக்கில் திரும்பி மறைந்தது.

அப்புறம் ஓடினார்.

செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது. ஏறித் துரத்த ஓர் ஆட்டோ கிடையாது. எல்லாம் வீதி முனையில் ஆட்டோவைத் தடுக்கிற இரும்புக் கம்பங்களுக்கு அந்தப் பக்கம். முக்கில் போய்ப் பார்த்தால் பெரிய ரோடு. அதில் எத்தனையோ பஸ். எல்லாம் ஒரே நிறம்.

மைனா, மைனா என்று கூப்பிட்டார். வெறும் காற்றுதான் வந்தது.

கொய்யாப்பழம் விற்கிற அம்மாள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். என்ன ஏதென்று விசாரித்தார். புள்ளையை இறக்க மறந்துவிட்டதாகச் சொன்னார் அவர். எத்தனாம் நம்பர் பஸ் என்று அந்த அம்மாள் கேட்டார். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"அழுவாதீங்க பெரியவரே. இந்த வீதிக்குள்ள வர்ற பஸ்ஸெல்லாம் சுத்தீட்டு மறுக்கா இங்கதான் வரோணும். நடுவால புள்ள எறங்கீருமா?"

"நான் தட்டாம எறங்காதுங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவரைச் சுட்டது.

ஒரு பஸ் வந்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். இல்லை.

அடுத்தது. இல்லை.

வெயில் நகர்ந்து எதிர்க்கடைப் படியேறியது.

ஐந்தாவதோ ஆறாவதோ வந்து நின்றது.

ஜன்னலோரம் அவள். சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கவரை மார்போடு இறுக்கியிருந்தாள். அழுத தடம் கன்னத்தில் காய்ந்திருந்தது.

ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். கை எழவில்லை. தகரத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

மேலிருந்து ஒரு கை நீண்டது.

அவருடைய நரைத்த தலையில், மெல்ல, இரண்டு தட்டு.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

உங்கள் வீடு நல்லா இருக்கட்டும், கண்ணுகளா. நீங்கள் இல்லாத நாளிலும் உங்கள் பிள்ளைகளின் ஜன்னலைத் தட்ட ஒரு கை இருக்கட்டும்.