மேல்கம்பிகள்

விசில் மறுபடியும் கேட்டது.

அவள் காதிலிருந்து மெஷினைக் கழற்றினாள். சத்தம் நின்றுவிட்டது.

அப்படியானால் மெஷின்தான்.

ஆலயத்தில் அவளையும் தனசிங்கையும் தவிர யாரும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை மார்த்தாண்டத்திலிருந்து பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிறவர். முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, இடது ஓரத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வருஷம் அவள் வாசித்த பியானோ.

போன வருஷம் ஒரு காய்ச்சல். பிழைத்துக்கொண்டாள். ஆனால் சன்னமான சத்தங்கள் எல்லாம் போய்விட்டன. கொலுசு, குருவி, பியானோவின் வலது ஓரம். அங்கே எந்தக் கட்டையை அழுத்தினாலும் மரத்தில் மரம் இடிப்பது மட்டும் கேட்டது.

காது கேட்க இந்த மெஷின் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. அதில் எல்லாமே தகரத்தில் தட்டியது போல இருந்தது. இப்போது விசில் வேறு.

இனி ஆராதனையில் வாசிக்க முடியாது என்று போதகரிடம் சொல்லத்தான் வந்திருந்தாள். அவர் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்.

என்ன ஆயிற்று என்று தனசிங் கேட்டார். இடது ஓரத்துக் கட்டைகளைத் தட்டும்போதெல்லாம் மெஷின் விசிலடிக்கிறது என்றாள்.

கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகா என்று கேட்டார்.

ஆமாம் என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். மெஷினை மறுபடி மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

இடது கோடிக் கட்டையை ஓங்கி அடித்து உடனே விட்டார். கனத்த ஒலி அடங்கியது. அதற்குப் பின்னால், எவர்சில்வர் டம்ளரை நகத்தால் சுண்டியது போல, மெல்லிய ரீங்காரம்.

இதுதான் என்று அவள் காதைக் காட்டினாள்.

அவர் வலது கையைப் பியானோவுக்குள் விட்டு, வலது ஓரத்து மேல்கம்பிகளின் மீது உள்ளங்கையை வைத்தார். இடது கையால் மறுபடி அடித்தார்.

கனத்த ஒலி. பிறகு ஒன்றுமில்லை.

கையை எடுத்துவிட்டு அடித்தார்.

ரீங்காரம்.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

“மெஷின் விசிலடிக்குதுன்னா, நான் கம்பியில கை வச்சா எப்படி நிக்கும் டீச்சர்?”

மற்றக் கம்பிகளை அடக்கக் கம்பளித் துண்டு உண்டு, மேலே இருக்கிற குட்டிக் கம்பிகளுக்கு மட்டும் கிடையாது என்றார். கீழே அடித்தால் அவை தானாகவே ஒலிக்கும். எல்லாப் பியானோவிலும் அப்படித்தான். யாரும் கவனிப்பதில்லை.

பதினெட்டு வருஷத்தில் அவளும் கவனித்ததில்லை.

அருகே போனாள். தன் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். தனசிங் சலிக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

அவளுடைய கண்ணாடியில் ஈரம் படிந்தது. துடைக்கவில்லை.

போதகர் திரும்பி வந்து, ஏதோ பேச வேண்டும் என்று போனில் சொன்னீர்களே என்றார்.

பியானோ எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றாள்.

தனசிங் வேலையை வலது ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். கடைசிக் கம்பியைச் சுருதிச் சாவியால் முறுக்கினார், கட்டையைத் தட்டினார், தலையாட்டிக்கொண்டார். சாவியைக் கழற்றிப் பையில் போடப் போனார்.

“இன்னும் கொஞ்சம் ஏத்துங்க,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கட்டையை மறுபடி தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

பிறகு சாவியைத் திரும்ப மாட்டி, மயிரிழை அளவு திருப்பினார்.