கொப்புளிக்காத வாய்

மார்ச் 12: வாய் கொப்புளிக்கச் சொல்லாமலே டேவிட் ராஜிடம் மாதிரி எடுத்துவிட்டேன். தவறு என்னுடையதுதான்.

தான் படிக்கும் மாலை வகுப்புக்கு நேரமாகியும் கடலூர் பரிசோதனை அறையின் பதிவேட்டில் நித்யஸ்ரீ இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் தகப்பன் யாரென்று சொல்லிவிடும் டிஎன்ஏ இயந்திரம், மாதிரியைப் படிக்க முடியாமல் சிவப்பு விளக்கோடு நிற்கிறது. டேவிட் ராஜின் கன்னத்துக்குள் தேய்த்த மற்றொரு பஞ்சுக்குச்சியில் புகையிலைச் சாறு பழுப்பாக ஊறியிருக்கிறது. கையுறையைக் கழற்றியும் அந்த வாடை விரலை விடவில்லை. உதட்டுக்குள் அடுத்த சிட்டிகைப் புகையிலையைத் திணித்தபடி அவன் எதிரே நின்று இளிக்கிறான்: “இன்னா மேடம், மிசினுக்கே தல சுத்துதா?” சன்னலோரம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் சகாய பிரியா நிமிராமலே சொல்கிறாள்: “வேணும்னேதான் போட்டுக்கினு வந்தாரு, மேடம். புள்ள அவருதுன்னு தெரிஞ்சிடும்ல.” குழந்தையின் மோவாயில் வழியும் எச்சிலை முந்தானையால் துடைக்கிறாள். நித்யஸ்ரீ தொடர்ந்து எழுதுகிறாள்: நாளை காலை பத்து மணி. அவனை அரை மணி முன்பே உட்காரவைத்து, மூன்று முறை கொப்புளிக்கவைத்து, புதுக் குச்சியில் எடுக்க வேண்டும்.