பெரிய மாப்பிள்ளை வைத்த காடை விருந்து

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியார் வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூடப் பெரிய மாப்பிள்ளைக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து காடைகளும் ஒரு ஜாடித் தேனுமாக வந்து இறங்கி, "இன்னைக்கு நான்தான் சமையல், யாரும் உள்ளே வரக் கூடாது" என்றால் யாருக்குத்தான் மூக்கில் வியர்க்காது?

"அத்தானுக்கு என்னக்கா ஆச்சு?" என்றாள் சின்னவள்.

"போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டாரு. நாலு நாளா ஆப்பிள், தேன், பட்டைன்னு ஒரே புலம்பல். இலை உதிர்ற காலத்துல இதைத்தான் சாப்பிடணுமாம்" என்றாள் பெரியவள்.

விஷயம் ஆப்பிளில் இல்லை. மாமியாரின் வைரத் தோட்டில் இருந்தது. அன்று சாயங்காலம் அதைச் சின்ன மகளுக்குக் கொடுப்பதாக மாமியார் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மாடி வீடு சின்னவளுக்கு, கார் சின்னவளுக்கு, இப்போது தோடும் சின்னவளுக்கு. பெரியவள் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டாள். அவள் கணவருக்கு அந்த வியாதி கிடையாது.

தோடு அலமாரியில். அலமாரிச் சாவி மாமியாரின் கழுத்துச் சங்கிலியில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டாலே விழித்துக்கொள்கிற கோழித் தூக்கம் வேறு. ஆனால், பெரிய மாப்பிள்ளை வைத்திருப்பது மருந்துக்கடை.

கதவைச் சாத்திக்கொண்டு ஆப்பிள் சாற்றையும் தேனையும் பட்டையோடு சுண்டக் காய்ச்சினார். விரலில் ஒட்டுகிற பதம் வந்ததும் கொஞ்சம் பாகைத் தனிக் கிண்ணத்தில் எடுத்தார். சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, தூக்க மாத்திரைப் பொடியை மாமியாரின் உடம்புவாகுக்குத் தகுந்தபடி தாராளமாகக் கலந்தார். கசப்பு தெரியாமலிருக்க மேலே இன்னொரு கரண்டித் தேன். இருந்ததிலேயே கொழுத்த காடைக்கு மட்டும் அந்தப் பாகைப் பூசினார். மற்ற நாலுக்கும் நல்ல பாகு. கொழுத்ததை அடையாளமாகத் தட்டின் ஓரத்தில் வைத்து ஓவனுக்குள் தள்ளினார்.

வாசனை தெருமுனை வரை போயிற்று. மாமியாருக்குத் தாங்கவில்லை. தடையை மீறி உள்ளே வந்து ஓவனைத் திறந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி வறண்டு கிடக்கு? தட்டுல வழிஞ்ச பாகையெல்லாம் அள்ளி மேல ஊத்த வேணாமா?"

"வேணாம் அத்தை. வீடியோவுல அப்படிச் சொல்லலை."

"வீடியோக்காரனா சாப்பிடப் போறான்? நகருங்க."

கரண்டியைப் பிடுங்கி, ஓரத்துப் பாகு, நடுப் பாகு எல்லாவற்றையும் ஒன்றாக வழித்து ஐந்தின் முதுகிலும் பாரபட்சமில்லாமல் ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. மருந்துக்கு அளவு தெரிந்த மாப்பிள்ளைக்குச் சமையலில் இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாது. தன் பொட்டலம் குடும்பச் சொத்தாவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஜைக்கு வந்த காடைகள் மெருகு போட்ட மரம் மாதிரிப் பளபளத்தன. எலும்பு வரை சப்பினார்கள்.

"நீங்க ஏன் தொடவே இல்லை?" என்றாள் மனைவி.

"பல் வலி." பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். சின்ன மாப்பிள்ளை பல் டாக்டர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஆ காட்டுங்க சகலை." போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். "எல்லாம் கருங்கல் மாதிரி இருக்கே. எங்க வலிக்குது?"

"உள்ள."

"பாவம், சமைச்சவருக்குக் கொடுத்துவைக்கலை" என்று அந்தப் பங்கையும் பல் டாக்டரே காலி செய்தார்.

கை கழுவப் போனவர் திரும்பி வரும் வழியில் சோபாவில் சரிந்தார். அக்காவும் தங்கையும் யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்த பாதியில் கண்ணை மூடினார்கள். மாமியாரின் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒருத்தரைத் தூங்கவைக்கப் போய் வீடே தூங்குகிறது. இப்படியும் ஒரு அதிர்ஷ்டமா என்று மாப்பிள்ளைக்கே கூச்சமாக இருந்தது.

சாவி சுலபமாகக் கழன்று வந்தது. அலமாரி சத்தமில்லாமல் திறந்தது. வெல்வெட் பெட்டியும் இருந்தது.

பெட்டிக்குள் தோடு இல்லை.

துணி மடிப்புகளுக்குள், கைப்பைக்குள், செருப்பு டப்பாவுக்குள்ளும் தேடினார். இல்லை. எல்லாவற்றையும் இருந்தபடி வைத்து, சாவியைத் திரும்பக் கோத்துவிட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். எடுக்காத பொருளுக்கு யார் என்ன கேட்டுவிட முடியும்?

சாயங்காலம் ஒவ்வொருவராகத் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மாமியார் முகம் கழுவி, அலமாரியைத் திறந்தார். அடுத்து வந்த அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"இது சாதாரணத் தூக்கம் இல்லை" என்றார் பல் டாக்டர். "நாக்கெல்லாம் கசக்குது. சாப்பாட்டுல மருந்து கலந்திருக்காங்க."

"யார் சமைச்சது?" என்றாள் சின்னவள்.

"யார் சாப்பிடாம இருந்தது?" என்று கேட்டது பெரிய மாப்பிள்ளையின் சொந்த மனைவி.

பெட்டி முன்னாடியே காலியாகத்தான் இருந்தது என்று சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். மூடிக்கொண்டார்.

"போலீஸெல்லாம் வேணாம்" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்தபடி. "குடும்ப மானம் போயிடும். தோடு போனாப் போகுது. மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும்."

அம்மாவின் பெரிய மனசைப் பார்த்து மகள்கள் இருவரும் அழுதார்கள்.

போன வருஷமே சீட்டாட்டத்தில் விட்ட தோட்டுக்கு இன்று சாயங்காலத்துக்குள் ஒரு திருடனை எங்கே போய்ப் பிடிப்பது என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்த மாமியாருக்கு, மாப்பிள்ளையின் சமையல் ரொம்பவே பிடித்திருந்தது.