இருநூற்றுப் பதினொன்று

கெண்டைக்கால் இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. விடிந்ததிலிருந்து பள்ளிக்கூட மைதானத்துச் சேற்றில் நின்ற இசபெல்லா டீச்சர், காலனிக்காரர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏழு ஏழா நில்லுங்க! கைக்குழந்தையும் ஒரு ஆளுதான்!"

மேலே, தோட்டக் கூலிகளின் காலனி வீடுகளை மலை சரிந்து மூடிக்கிடந்தது. பொக்லைன் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது.

"வெரசா சொல்லுங்க டீச்சர்," என்றார் மீட்புக்குழு அதிகாரி சந்தோஷ்குமார். "பள்ளங்கி ரோட்டுல ஒரு ஜீப்பு மண்ணுக்குள்ள கெடக்கு. இங்க மண்ணுக்குள்ள யாரும் இல்லைன்னா வண்டிய அங்க அனுப்பணும். எல்லாரும்தான் அவங்கவங்க வீட்டாளுக இருக்காங்கன்னு சொல்லிட்டாங்களே?"

"தனிக்கட்டைங்கள யாரு சார் தேடுவா? போன வாரந்தான் வீடு வீடாப் போய் ஆளுகள எண்ணி எழுதுனேன். நோட்டு மண்ணுக்குள்ள போச்சு, தொகை மறக்கல. இருநூத்திப் பதினொரு பேரு. அதுக்கப்புறம் யாரும் ஊரைத் தாண்டல."

நிற்க முடியாமல் பள்ளிக்குள்ளே படுத்துக்கிடந்தவர்களுக்காக வரிசையில் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். கடைசியாகக் காலனிக்காரி மகாராணி பள்ளிச் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்தாள். முழங்கை வரை ரத்தம். அடிபடாத ஆளே இல்லாத காலையில் அதை யாரும் கேட்கவில்லை.

முப்பதாவது வரிசையில் ஏழாவது ஆளாக அவள் நின்றாள். அவள் கையிலிருந்த போர்வைக்குள் ஒரு குழந்தை சிணுங்கியது. அது மட்டும் மிச்சம்.

"ஒன்னு தனியா நிக்குதே. கணக்கு இடிக்குதா?"

"அதுதான் சார் சரி! இருநூத்திப் பதினொன்னு பகா எண். எப்பிடிப் பங்கு போட்டாலும் தீராது. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எதால வகுத்தாலும் ஒன்னு மிஞ்சும். ஒரு ஆள் கொறஞ்சிருந்தா மிச்சமே இருக்காது."

"பந்தில உக்காந்தாலும் எங்க காலனிக்கு ஒரு எலை தனியாத்தான் கெடக்கும் சார்," என்று கேரட் கழுவும் வேலுசாமி சிரிக்கப் பார்த்தான்.

ஐந்து ஐந்தாகவும் நிறுத்திப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வரிசை. மறுபடியும் ஒன்று மிச்சம்.

டீச்சர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி கையைக் காட்டினார். பொக்லைன் பள்ளங்கிப் பக்கம் திரும்பியது.

"கொஞ்சம் பிடிங்க டீச்சர், கைய கழுவிட்டு வாரேன்." மகாராணி குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

"யாரு புள்ள இது?"

"நம்ம இராசாத்தி புள்ளைதான். இப்பத்தான் அடுப்படியில பெத்துப் போட்டா. தொப்புள்கொடிய நான்தான் அறுத்தேன்."

டீச்சர் குழந்தையோடு எழுந்தாள். மரத்த கால்கள் மடங்கின. விழுந்து எழுந்து, போகிற வண்டியின் பின்னால் ஓடினாள்.

"நிறுத்துங்க சார்! இந்தப் புள்ள என் கணக்குலயே இல்ல. மண்ணு இன்னும் ஒரு ஆளு தரணும்!"