விழாத ரேகை

இவனுக்கு ஞாபகம் இருக்குமா?

இருந்தால் நன்றாக இருக்கும் என்று குப்பம்மாவுக்கு ஒரு மனது. இருக்கவே கூடாது என்று இன்னொரு மனது.

தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மீன்கடைச் சந்தில், அவள் பலகைக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின்மேல் தனசேகர் உட்கார்ந்திருந்தான். உட்காருவதற்கு முன் யாரோ ஒருவன் ஓடிவந்து அதன்மேல் துண்டு விரித்தான். சந்து முனையில் மூன்று கார்கள் நின்றன. அவன் ஒரு போன் செய்தால் இந்தப் பக்கத்தில் திறக்காத கதவு இல்லை என்று பேச்சு.

குப்பம்மா டீ வாங்கிவரச் சொல்லியிருந்தாள். கிளாஸ் அவன் கைக்குப் போகும் முன்பே கூட வந்த தயாளன் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டான்.

"இன்னாக்கா, எம்மேல நம்பிக்க இல்லியா? நானே நேர்ல வந்துகீறேன் பாரு" என்றான் தனசேகர்.

இந்தச் சந்துக்குப் பதிலாகப் படப்பை போகிற வழியில் இவர்களுக்குப் புது மார்க்கெட்டாம். கான்கிரீட் கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டாம். ஆனால் சாயங்கால ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பையோடு வந்து நிற்பது இந்தச் சந்தில்தான். அங்கே யார் வருவார்கள்? சந்தைக் காலி செய்துவிட்டு இங்கே எழும்பப் போகும் ஐந்து மாடி தனசேகரின் மச்சானுடையது. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

சம்மதம் என்று குப்பம்மா கைரேகை மெஷினில் விரல் வைத்துவிட்டால் மற்றப் பெண்களும் வைத்துவிடுவார்கள். அதனால்தான் முதலில் அவளிடம் வந்திருக்கிறான்.

பக்கத்துக் கடை கங்கையம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"முன்ன ஓசி நெத்திலிக்கு வந்து நிப்ப. இப்ப கடையவே கேக்க வந்துகீறியே தலைவரே."

தனசேகர் சிரித்தான். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

தயாளன் தீப்பெட்டி அளவுள்ள மெஷினை நீட்டினான். வலது கட்டைவிரல். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள்காட்டி விரல். மறுபடியும் சிவப்பு.

முப்பது வருஷம் ஐஸிலும் செதிலிலும் தேய்ந்த விரல்கள். கோலிக்குண்டு போல வழவழவென்று இருந்தன.

இதே சிவப்பு விளக்குதான் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ரேஷன் கடையிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பியது. மூன்று மாதம் அரிசி இல்லை. கார்டு கையில் இருந்தது, பெயர் இருந்தது, ஆள் நேரில் நின்றாள். ரேகை விழவில்லை என்றார்கள்.

அப்போது தனசேகருக்கு மொபைல் ரீசார்ஜ் கடை. அதைப் பூட்டிவிட்டு அவளோடு வந்தான். வரிசையில் நின்றவர்கள் கத்தக் கத்த, அவள் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவித் தன் சட்டையிலேயே துடைத்தான்.

"நாறும்பா" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நாறுனா நாறட்டும், குடு."

அன்றைக்கு அரிசி கிடைத்தது. பொங்கிய சோற்றை முதலில் அவனுக்குத்தான் போட்டாள். மறுநாள் சந்துக்குள் வந்தவனைப் பார்த்து "வா தலைவரே" என்று விளையாட்டாகக் கூப்பிட்டவளும் அவள்தான். சந்து முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

இப்போது தயாளன் அவள் கையைத் தொடுவதற்குக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டான். வலது கை முடிந்தது. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிர விரல். எல்லாம் சிவப்பு. குப்பம்மா மெல்லக் கையை இழுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"ரேகையே இல்ல தலைவரே. சுத்தமா அழிஞ்சுகீது" என்றான் தயாளன்.

தனசேகர் எழுந்து கார் பக்கம் நடந்தான். குப்பம்மா மூச்சை விட்டாள். மூச்சோடு நெஞ்சுக்குள்ளிருந்து வேறு ஏதோவும் இறங்கிப் போனது.

மறந்துவிட்டான்.

நாலடி போனவன் நின்றான். திரும்பி வந்தான். துண்டு விரித்த பெட்டியைத் தள்ளிவிட்டு, வெள்ளை வேட்டி மீன் தண்ணீரில் படிய, அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முந்தானைக்குள் இருந்த இடது கையை எடுத்தான். கைக்குட்டை கேட்கவில்லை. தன் சட்டையிலேயே துடைத்தான்.

"சுண்டு விரல்க்கா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னிக்கு அதுலதான வுழுந்துச்சு."

பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் அதைக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

மறக்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை. குப்பம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நனைந்துகொண்டிருந்த வேட்டி நுனியை எடுத்துப் பிழிந்து அவன் முழங்கால்மேல் போட்டாள்.

பிறகு அவன் உள்ளங்கைக்குள் இருந்த தன் சுண்டு விரலை மடக்கிக்கொண்டாள்.

"அது அரிசி வாங்குற வெரலு, சேகரு."